சுவரோரம் ஒரு மரபு நடை: டூசான் பழைய குடியிருப்பில் யாரெல்லாம் சேரலாம்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே, சொனோரா பாலைவனத்துக்குள் இருக்கிறது டூசான் நகரம். ஆண்டு மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான். ஜூன், ஜூலையில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. நகர மையத்தை ஒட்டித் தெற்கே பாரியோ வியெஹோ என்ற பழைய குடியிருப்பு. 19ஆம் நூற்றாண்டின் மண் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் இடம். வழிகாட்டியோடு இந்தத் தெருக்களை நடந்து பார்க்கப் பலரும் வருகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர், வெள்ளைக்கோலோடு வருபவர், காது கேளாதவர், கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாத முதியவர் ஆகியோரும் அந்த நடையில் சேரலாமா என்று கேட்டால், பழம்பெரும் பகுதிகளில் எங்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “பழைய இடம், நாங்கள் என்ன செய்ய முடியும்?”

பாரியோ வியெஹோவைப் பொறுத்தவரை இந்தப் பதில் தவறு. அங்கே பழைமையின்மேல் பழி போட இடமே இல்லை. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் தெருவை அமைத்த விதம் இவர்கள் எல்லோருக்கும் பெரிதும் துணை செய்வது. வழியை மறிப்பவற்றுள் பெரும்பாலானவை பின்னால் வந்தவை. இதை விளங்கிக்கொள்ள வீடுகளின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

சாந்தா குரூஸ் ஆற்றின் கரையில் ஓதாம் மக்கள் நெடுங்காலமாக வேளாண்மை செய்துவந்த இடம் இது. 1775இல் ஸ்பானிய அரசின் படைத்தலைவர் ஹியூகோ ஓகானர் இங்கே ஒரு கோட்டைக்கு இடம் குறித்தார். அவர் பிறப்பால் அயர்லாந்துக்காரர். 1821இல் ஊர் மெக்சிகோவின் கைக்குப் போனது. 1854இல் நிறைவேறிய காட்ஸ்டன் உடன்படிக்கையின் வழியாக அமெரிக்காவிடம் வந்தது. கோட்டைக்குத் தெற்கே மெக்சிகோ வழிவந்த குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டன. அவர்களோடு சீன மளிகைக் கடைக்காரர்களும், ஆப்பிரிக்க அமெரிக்கர்களும், ஓதாம், யாக்கி மக்களும் கலந்து வாழ்ந்தனர்.

அவர்கள் கட்டியது சொனோரா பாணி வரிசை வீடு. களிமண்ணும் மணலும் வைக்கோலும் குழைத்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்த சுடாத செங்கல்தான் அடோபி. சுவர்களின் கனம் அரை மீட்டர் அளவுக்கு வரும். கூரை தட்டை. பைன் உத்திரங்களின்மேல் சாகுவாரோ கள்ளியின் உலர்ந்த விலா நரம்புகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் மண் கொட்டி மெழுகினார்கள். மழைநீரைத் தெருப்பக்கம் எறியச் சுவர் உச்சியில் தூம்புகள் வைத்தார்கள். முன்புறம் தோட்டமும் கிடையாது, திண்ணையும் கிடையாது. கதவைத் திறந்தால் தெரு. கதவுக்கு உள்ளே, நம் பழைய வீடுகளின் ரேழி போல, தெருவிலிருந்து பின்முற்றத்துக்குக் காற்றை இழுத்துப்போகும் நடை. சாகுவான் என்று அதற்குப் பெயர். குடும்பத்தின் வாழ்க்கை பின்முற்றத்தில் நடந்தது. தெருவைப் பார்த்திருந்தது நீண்ட வெற்றுச் சுவர் ஒன்றே.

1880 மார்ச் 20 அன்று டூசானுக்கு ரயில் வந்தது. அதோடு சுட்ட செங்கலும், அறுத்த மரமும், தகரமும் வந்தன. புதிதாகக் குடியேறிய ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் கிழக்கே ஆர்மரி பார்க் பகுதியில் தங்களுக்குப் பழக்கமான முறையில் கட்டிக்கொண்டன. தெருவிலிருந்து உள்ளே தள்ளி, தரைமட்டத்தை உயர்த்தி, முன்னால் தாழ்வாரம் வைத்து, அதற்கு ஏறப் படிகளும் வைத்த வீடுகள் அவை. இரண்டு பகுதிகளையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு ஒன்று புலப்படும். அந்தக் காலத்துக்கு நவீனமாக இருந்த வீட்டின் வாசலை அடையப் படியேற வேண்டும். அதைவிடப் பழைய மண் வீட்டின் வாசலோ பெரும்பாலும் நிலத்தோடு நிலமாக, மிஞ்சிப் போனால் ஓரிரு படி உயரத்தில், நடைபாதையிலேயே நிற்கிறது. பார்க்க வேண்டியவை எல்லாம் தெருமுகத்திலேயே இருக்கின்றன: சுவரின் கனம் தெரியும் சன்னல் பொந்து, தூம்பு, பூச்சு உதிர்ந்த இடத்தில் வெளித்தெரியும் வைக்கோல் கலந்த மண். மக்கள் இன்றும் குடியிருக்கும் வீடுகள் என்பதால் நடையில் வரும் எவரும் உள்ளே போவதில்லை. ஆகவே நாற்காலியில் வருபவர் நடந்து வருபவரைவிடக் குறைவாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை.

இனி அந்தச் சுவரையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்கோலோடு நடப்பவர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் அடிப்படை உத்திகளில் ஒன்று, சுவரோரத்தைக் கோலால் தொட்டுத் தொட்டுத் திசை பிடிப்பது. இடையறாத சுவர் நல்ல வழித்துணை. அது கோலுக்கு மட்டுமல்ல, காதுக்கும் பயன்படும். காலடி ஓசை சுவரில் பட்டுத் திரும்பும் விதம் மாறும்போது, சந்து வந்துவிட்டது, வாசல் திறந்திருக்கிறது என்பது தேர்ந்த காதுக்குத் தெரிந்துவிடும். முன்தோட்டமும் வேலியும் புல்வெளியும் கொண்ட புறநகர்த் தெருவில் இந்த வசதி கிடையாது. பாரியோவின் மையர் அவென்யூ, கான்வென்ட் அவென்யூ ஆகிய தெருக்களின் சுவர் வரிசைகள் இதைத் தாமாகவே தருகின்றன.

அதே சுவர்தான் நிழலும் தருகிறது. இவ்விரு தெருக்களும் தெற்கு வடக்காக ஓடுகின்றன. காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் கிழக்கு நடைபாதைமேல் விழும். பிற்பகலில் மேற்கு நடைபாதைமேல். சுவர் 4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். தெருவுக்குக் குறுக்காகச் சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கும்போது நிழலின் அகலம் 4 மீட்டர். 75 பாகைக்கு ஏறிவிட்டால் 1 மீட்டர்தான் மிஞ்சும். அமெரிக்க விதிமுறையில் சக்கர நாற்காலி வழிக்கு வேண்டிய குறைந்த அகலம் 36 அங்குலம், அதாவது சுமார் 915 மில்லிமீட்டர். அந்த 1 மீட்டர் நிழலில் ஒரு நாற்காலி போகலாம். பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டு நடந்துவர முடியாது. கோடை நடையை எத்தனை மணிக்குத் தொடங்குவது, எந்தத் தெருவில் எந்தப் பக்கம் போவது என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்க வேண்டும். நிழல் குறைந்த பிறகு அதே தெருவில் திரும்பி வரச் சொல்லும் வழித்தடத்தில் எத்தனை சாய்தளம் வைத்தாலும் அது முழுமையான ஏற்பாடு ஆகாது.

வெப்பத்தை இவ்வளவு தூரம் பேசக் காரணம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி என்றதும் எல்லோரும் படிகளை நினைக்கிறார்கள். பாலைவன நகரத்தில் முதலில் நினைக்க வேண்டியது உடல் சூடு. தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயம் பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்கும் திறன் போய்விடும். வியர்வை இல்லாமல் உடல் தன்னைத் தணித்துக்கொள்ள வழி மிகக் குறைவு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் உள்ளவர்களில் பலருக்கு உடல் வெப்பம் சற்று ஏறினாலே பார்வை மங்கும், கால் தளரும். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் முகம் நிற்பவரின் முகத்தைவிடத் தார்ச்சாலைக்கு நெருக்கமாக இருக்கிறது. கோடை உச்சியில் அந்தத் தார் 60 டிகிரியைத் தாண்டும். கையால் உருட்டும் உலோக வளையம் வெயிலில் நின்றால் தொட முடியாமல் சுடும். வழிகாட்டி நாயின் பாதம் கொப்புளித்துவிடும். பத்து நிமிடம் வெயிலில் நின்று கதை கேட்பது ஒருவருக்குச் சின்ன அசௌகரியமாகவும் அவர் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்தாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் மண்சுவருக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அரை மீட்டர் கனமுள்ள மண், பகலெல்லாம் வாங்கிய சூட்டை உடனே விடாது. பல மணி நேரம் வைத்திருந்து மெல்லக் கக்கும். வீட்டுக்குள் குளுமையாக இருப்பதன் ரகசியம் அதுதான். ஆனால் மேற்குப் பார்த்த சுவரின் வெளிமுகம் மாலையில்தான் தன் உச்சச் சூட்டில் இருக்கும். வெயில் தாழ்ந்துவிட்டது என்று எண்ணி அந்தச் சுவரை ஒட்டிக் கூட்டத்தை நிறுத்துவது தவறு. கோடையில் இந்தக் குடியிருப்பை அறிந்துகொள்ளச் சரியான வேளை விடிகாலை. சுவரின் முதல்நாள் சூடெல்லாம் அப்போது இறங்கியிருக்கும்.

பின்னால் வந்த தடைகளில் முதலாவதும் மிகப் பெரியதும் நகரப் புதுப்பிப்புத் திட்டம். 1960களின் பிற்பாதியில், இந்தப் பகுதி பாழடைந்தது என்று சொல்லி, ஏறத்தாழ 80 ஏக்கர் குடியிருப்பை நகர நிர்வாகம் இடித்துத் தள்ளியது. மெக்சிகோ அமெரிக்கர்களின் கடைவீதிகளும் திரையரங்குகளும் வீடுகளும் போயின. அந்த இடத்தில் 1971இல் பெரிய மாநாட்டு வளாகம் திறக்கப்பட்டது. டூசானில் பிறந்த வரலாற்றாய்வாளர் லிடியா ஓட்டேரோ 2010இல் வெளியிட்ட ‘லா காயே’ என்ற நூல், யாருடைய நினைவைக் காப்பது, யாருடையதை அழிப்பது என்று அன்று தீர்மானித்தவர்கள் யார் என்பதை விரிவாக ஆராய்கிறது. அந்த வளாகத்துக்குள் இன்றும் தனியாக நிற்கும் சோசா கரியோ வீடே இதற்குச் சாட்சி. அரிசோனாவின் ஆளுநராக இருந்த ஜான் ஃப்ரீமாண்டின் பெயர் அதன்மேல் ஒட்டியிருந்ததால் அது தப்பியது. அவர் அங்கே குடியிருந்தார் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அதைக் கட்டி வாழ்ந்த மெக்சிகோ குடும்பங்களின் பெயருக்கு அன்று அந்த மதிப்பு கிடைக்கவில்லை. இப்போது மெக்சிகோ அமெரிக்கர்களின் வரலாற்று அருங்காட்சியகமாக அது இயங்குகிறது. அடுத்த வீடும் எதிர்வீடும் இல்லாத வரிசை வீடு அது என்பதை வழிகாட்டி அங்கேயே நின்று சொல்லியாக வேண்டும்.

மனிதர்கள் இடம்பெயர்க்கப்பட்டதே அந்த இடிப்பின் முதல் இழப்பு. அதை எதனோடும் நிறுத்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் நம் கேள்விக்கு அது இன்னொன்றையும் காட்டுகிறது. சுவர்த்தொடர் அறுந்தது. மாநாட்டு வளாகத்தின் வாகன நிறுத்துமிட ஓரத்தில் கோலுக்குப் பிடிமானம் இல்லை, தலைக்கு நிழல் இல்லை, காதுக்கு எதிரொலி இல்லை. நகர மையத்திலிருந்து பாரியோவுக்கு வர இந்த வெட்டவெளியைத்தான் கடக்க வேண்டியிருக்கிறது. அகலமும் சமதளமும் வரைபடத்தில் வசதியாகத் தெரியும். ஆகஸ்ட் மாத நண்பகலில் நாற்காலியை உருட்டுபவருக்கு வழித்தடத்தின் கடினமான பகுதி அதுவே.

இன்னும் மிச்சம் இருப்பது எப்படித் தப்பியது என்பதற்கு மெயின் அவென்யூவில் ஒரு பதில் இருக்கிறது. எல் திராதீத்தோ என்ற அந்தச் சிறு வழிபாட்டிடத்தில் கூரை கிடையாது. மண் தரை, பின்னால் இடிந்ததுபோல் நிற்கும் ஒரு அடோபிச் சுவர், மெழுகுவத்திகள். 19ஆம் நூற்றாண்டில் காதல் தகராறு ஒன்றில் கொல்லப்பட்ட ஹுவான் ஒலிவேராஸ் என்ற இளைஞனை, புனித நிலத்தில் புதைக்க இடம் மறுக்கப்பட்டதால், விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள் என்பது மக்கள் சொல்லும் கதை. கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. ஏற்றிய மெழுகுவத்தி விடியும்வரை அணையாமல் எரிந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. பாலைவனத்தில் இறந்துபோன புலம்பெயர்ந்தோருக்கான அஞ்சலிக் கூட்டங்களும் இங்கே நடந்திருக்கின்றன. இந்தப் பக்கமாக ஒரு விரைவுச்சாலை வெட்டும் திட்டம் வந்தபோது, குடியிருப்பினர் 1971இல் இந்த இடத்தை வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கவைத்தார்கள். அந்தப் போராட்டம் சாலையைத் தடுத்ததில் பெரும்பங்கு வகித்தது. 1978இல் பாரியோ லிப்ரே என்ற பெயரில் சுற்றியுள்ள குடியிருப்பே பதிவேட்டில் ஏறியது.

மண் தரையில் நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் புதையும். அதற்காக வழிபாட்டிடத்துக்கு சிமெண்ட் தளம் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. தெருவைப் பார்த்து முழுக்கத் திறந்த இடம் அது. நடைபாதையிலிருந்தே எல்லாம் தெரியும். ஆனால் கூட்டம் முழுவதும் உள்ளே போய் நின்றுகொண்டு ஒருவரை மட்டும் வெளியே விட்டுவிடக் கூடாது. எல்லோரும் நடைபாதையில் நின்றே கதை கேட்கலாம். மெழுகுவத்தி ஏற்ற விரும்புபவர் கதை முடிந்தபின் உள்ளே போகட்டும். நாற்காலியில் இருப்பவருக்கும் விருப்பம் இருந்தால், கை கொடுக்க ஆள் இருக்கட்டும்.

இத்தகைய இடங்களில் எல்லோருக்கும் வழி அமைப்பதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990 ஜூலை 26 அன்று கையெழுத்தானது. நடைபாதை என்பது நகராட்சி வழங்கும் சேவையா, வெறும் கட்டுமானமா என்ற வழக்கு, சாக்ரமென்டோ நகரத்துக்கு எதிராக பார்டன் என்பவர் பெயரில் நடந்தது. நடைபாதையும் சேவைதான், அதை எல்லோரும் பயன்படுத்தும்படி வைக்க வேண்டும் என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அரிசோனாவும் அந்த வட்டாரத்துக்குள்தான் வருகிறது. வரலாற்றுக் கட்டடங்களுக்குச் சட்டத்தில் விலக்குகள் உண்டு. ஆனால் அவை கையை விரிப்பதற்கான அனுமதி அல்ல. கட்டடத்தின் வரலாற்றுத் தன்மையைக் கெடுக்காமல் வழி அமைக்க இயலாதபோது செய்ய வேண்டியவற்றை விதிமுறை சொல்கிறது: ஒலி, ஒளிப் படங்களின் வழியே காட்டுவது ஒன்று; எட்ட முடியாத பகுதிகளுக்குக் கூட்டிச்செல்ல ஆட்களை அமர்த்துவது இன்னொன்று. நல்ல வழிகாட்டி ஒருவர் சட்டத்தின் பார்வையிலேயே வசதி ஏற்பாட்டின் ஒரு பகுதி.

பாரியோவில் உண்மையான இழுபறி நடைபாதையின் சரிவில்தான் இருக்கிறது. மண்சுவருக்கு எமன் தண்ணீர். கோடைப் பருவமழை குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும். தூம்பு எறிந்த நீர் சுவரடியில் தேங்கினால் அடிமண் கரைந்து சுவர் குழிவிழும். ஆகவே சுவரைக் காப்பவர் நடைபாதை தெருப்பக்கம் நன்றாகச் சாய வேண்டும் என்பார். நாற்காலிக்கோ பக்கவாட்டுச் சரிவு 48க்கு 1 என்ற அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நாற்காலி ஓயாமல் சாலைப்பக்கம் இழுக்கும். ஒரு கை மட்டும் அதிகமாகத் தள்ளித் தள்ளி ஓயும். இரண்டு தேவையும் நியாயமானவை.

ஆனால் இவை கைகோக்கும் இடமும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் சுவர்களுக்கு சிமெண்ட் பூசினார்கள், சுவரை முட்டிக்கொண்டு கான்கிரீட் நடைபாதை போட்டார்கள். மண்ணுக்குள் ஏறிய ஈரம் ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்தது. இன்று மரபுக் கட்டடக் கலைஞர்கள் சிமெண்டை உரித்துவிட்டு, மண் மூச்சுவிடும்படி சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்புகிறார்கள். சுவரடியில் நீர் தேங்காத, விரிசலும் மேடுபள்ளமும் இல்லாத, சரியாக அளந்து போட்ட நடைபாதை வீட்டையும் காக்கும், நாற்காலியையும் தாங்கும். மட்ட வேறுபாடு கால் அங்குலத்துக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி. அரை அங்குலம் வரை போனால் விளிம்பைச் சாய்த்துச் செதுக்க வேண்டும். உடைந்த ஒரு பலகைக் கான்கிரீட்டை மாற்றுவது அருங்காட்சியகத்துக்கு மின்தூக்கி வைப்பதைவிட மலிவு. பலன் நாள்தோறும் அந்தத் தெருவில் வசிக்கும் முதியவர்களுக்கும் சேரும்.

சின்னத் தடைகளைச் சொல்வதானால், அழகுக்காக நடைபாதை ஓரத்தில் நட்ட சப்பாத்திக்கள்ளி, கற்றாழை வகைகள் முதலில் வரும். கோல் தரையைத் தடவிக்கொண்டிருக்கும்போது முள் முகத்தைத் தேடி வரும். சில இடங்களில் மின்கம்பம் ஒடுங்கிய நடைபாதையை இன்னும் ஒடுக்குகிறது. நிழலுக்கு வைத்த மெஸ்கீட் மரமும், அது நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் உறவுதான், கவாத்து செய்யாவிட்டால் தாழ்ந்து தலையில் இடிக்கும். மரத்தை வெட்ட வேண்டாம். 80 அங்குல உயரத்துக்குக் கீழே கிளை வராமல் கழித்துவிட்டால் போதும்.

2014 ஜூலையில் ஓடத் தொடங்கிய சன் லிங்க் டிராமைப் பற்றி ஒரு சொல். தாழ்தளப் பெட்டி, நடைமேடையிலிருந்து படியேறாமல் நாற்காலியோடு நேரே உள்ளே போகலாம். குஷிங் தெருவோரமே அதற்கு நிறுத்தம் இருப்பதால், வெட்டவெளியை வெயிலில் கடப்பதைத் தவிர்க்கலாம். ஆனால் தண்டவாளத்தைக் கடக்கும்போது கவனம் வேண்டும். சாதாரண நடைவழியில் அரை அங்குல இடைவெளிக்கு மேல் விதி அனுமதிப்பதில்லை. தண்டவாளப் பள்ளத்துக்கு மட்டும் இரண்டரை அங்குலம் வரை அனுமதி. முன்சக்கரம் சாய்வாக வந்தால் அதில் திரும்பி மாட்டிக்கொள்ளும். செங்கோணத்தில், வேகம் குறையாமல் கடக்க வேண்டும். வழிகாட்டி அங்கே ஒரு நொடி நின்று இதைச் சொல்லிவிட்டுத்தான் கூட்டத்தைக் கடக்க விட வேண்டும்.

வழிகாட்டியின் கைவண்ணம் வெளிப்படும் இடம் கான்வென்ட், மையர் போன்ற ஒடுங்கிய தெருக்கள். மையர் அவென்யூவில் தியாத்ரோ கார்மென் இருக்கிறது. கார்மென் சோட்டோ வாஸ்கெஸ் என்ற பெண்மணி 1915இல் கட்டித் திறந்த ஸ்பானிய மொழி நாடக அரங்கு அது. பின்னர் திரையரங்கு, குத்துச்சண்டைக் கூடம் என்று பல வேடம் போட்டது. அதன்முன் இருபது பேர் நடைபாதையில் குவிந்தால், நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகு மட்டுமே. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தால் முகப்பு முழுவதும் எல்லோருக்கும் தெரியும். உதட்டசைவைப் படிப்பவருக்காக வழிகாட்டி தன் முகத்தில் வெளிச்சம் படும்படி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் முகம் கறுத்துவிடும். அகன்ற தொப்பியும் வாயை மறைக்கும். சைகைமொழி பெயர்ப்பாளர் இருந்தால் வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். பார்வையற்றவர் குழுவில் இருந்தால், சுவரைத் தொட அனுமதி தந்த வீட்டுக்காரர் யார் என்பதை முன்கூட்டியே அறிந்துவைத்திருப்பது நல்லது. சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பையும், அது உதிர்ந்த இடத்தில் மண்ணின் சொரசொரப்பையும், மிஞ்சியிருக்கும் சிமெண்டின் விறைப்பையும் விரல் மூன்று நொடியில் வேறுபடுத்திவிடும். மேலே சொன்ன பூச்சின் வரலாறு முழுவதையும் அந்த விரல் படித்துவிடுகிறது. கேள்வி கேட்டவர் நாற்காலியில் இருந்தால், அவரை உருட்டிவந்தவரைப் பார்த்துப் பதில் சொல்லாதிருப்பதும் வழிகாட்டியின் பயிற்சியில் சேர வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் அறிவிப்பு இருக்கிறது. நடை நடத்துபவர்கள் பலர் “மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது” என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வரியை வைத்து எவரும் எதையும் முடிவு செய்ய முடியாது. மின்கல நாற்காலிக்குப் போதுமான அகலம் உள்ள வழியில் கையூன்றுகோல் பிடித்தவருக்குப் போதிய ஓய்விடம் இல்லாமல் இருக்கலாம். எழுத வேண்டியவை இவை: வழித்தடத்தின் மொத்த நீளம், மிக ஒடுங்கிய இடத்தின் அகலம், மிகச் சரிவான இடம் எந்தத் தெருமுனையில், எங்கெல்லாம் உட்கார இருக்கை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நிற்பு, கழிப்பறை எங்கே, எந்த நிறுத்தத்தில் மண் தரை, எந்த வெப்பநிலைக்கு மேல் நடை ஒத்திவைக்கப்படும். ஒவ்வொரு தெருமுனையின் படமும் இணைந்தால் இன்னும் நல்லது. அளவு நாடாவும் ஒரு காலைப்பொழுதும் இருந்தால் இதை எந்த அமைப்பும் தயாரித்துவிடலாம். அந்தக் காலைப்பொழுதில் நாற்காலியில் செல்பவர் ஒருவரையும் கோலோடு நடப்பவர் ஒருவரையும் கூட அழைத்துப்போய், அவர்கள் நேரத்துக்கு உரிய ஊதியமும் தர வேண்டும்.